டாட் காமா, டாட் இன்னா?

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் பேப்பரைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். 'தேர்வு முடிவுகளைக் கீழ்க்கண்ட இணையதளங்களில் அறியலாம்' என்று போட்டு, அதன் கீழே மூன்று நான்கு முகவரிகள். பல வருஷமாக இதுதான் வழக்கம். டிஎன்ரிசல்ட்ஸ் டாட் என்ஐசி டாட் இன். டிஜிஇ டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். அப்புறம் டிஜிஇ1, டிஜிஇ2 என்று இரண்டு தம்பிகள். தம்பிகளுக்கு மட்டும் வால் வேறு: டிஎன் டாட் என்ஐசி டாட் இன். இப்போது டிஜிலாக்கரும் சேர்ந்துகொண்டது.

(இந்தப் பதிவில் முகவரிகளையெல்லாம் வாயால் சொல்வது போலவே எழுதப் போகிறேன். வாயால் சொல்ல வராத முகவரி நல்ல முகவரி கிடையாது என்பது என் கட்சி.)

பார்க்க வேண்டியது ஒரே ஒரு மார்க் பட்டியல். அதற்கு எதற்கு இத்தனை வாசல்? காரணம் எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டு லட்சம் பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மா, டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே நிமிஷத்தில் எல்லோரும் வந்து விழுந்தால் ஒரு சர்வர் தாங்காது. சரி, ஆனால் ஒரே பெயருக்குப் பின்னால் பத்து சர்வரை நிறுத்தி, வருகிற கூட்டத்தை உள்ளுக்குள்ளேயே பிரித்து அனுப்பும் வித்தை ரொம்பப் பழசு. அதைச் செய்யாமல் 'ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள்' என்று அச்சடித்துக் கொடுத்தால், சர்வர் ரூமில் நடக்க வேண்டிய வேலையைப் பதினேழு வயசுப் பிள்ளையின் தலையில் கட்டுவதாகத்தான் அர்த்தம். அதுவும் அன்றைக்கு இருக்கிற படபடப்பில் அந்த 'டிஜிஇ1'ல் கடைசியில் இருப்பது எண் ஒன்றா, ஆங்கிலச் சின்ன எழுத்து எல்லா என்று யார் உற்றுப் பார்ப்பார்கள்?

ரிசல்ட் விஷயத்தில் நஷ்டம் பெரிதில்லை. பத்து நிமிஷம் தவிப்பு, அவ்வளவுதான். ஆனால் மூன்று நான்கு முகவரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐந்தாவதாகப் போலி ஒன்று வந்து நின்றால் வித்தியாசமே தெரியாது. எனக்கு உறுத்துவது அதுதான். ஆன்லைன் மோசடி என்றதும் 'மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். எது அசல் முகவரி என்று நிறுவனம் முதலில் ஒழுங்காகச் சொன்னால்தானே விழிப்போடு இருக்க முடியும்?

போன வருஷம் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அதிலுள்ள முகவரியில் போய்ப் படிவம் நிரப்ப வேண்டுமாம்.

"டேய், இதுல நடுவுல ஒரு கோடு மாதிரி இருக்குடா."

"படுத்த கோடா, சாஞ்ச கோடா சித்தப்பா?"

"படுத்த கோடுதான். ஆனா நடுவுல இல்ல, கீழ ஒட்டிக்கிட்டு இருக்கு."

"முகவரி முழுசுக்குமே அடிக்கோடு போட்டிருக்காங்களா?"

"ஆமா, நீலக் கலர்ல."

"அப்ப அந்த எடம் காலியா இருக்கா, இல்ல தனியா ஒரு கோடு இருக்கா?"

"இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நீயே வந்து பாருடா."

சித்தப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை. வேர்டில் முகவரியைத் தட்டி ஸ்பேஸ் பார் அழுத்தினால் அது தானாகவே நீலமாகி அடிக்கோடும் போட்டுக்கொள்ளும். முகவரிக்குள் அண்டர்ஸ்கோர் இருந்தால் அந்த அடிக்கோட்டுக்குள் அது ஒளிந்துகொள்ளும். பிரிண்ட் எடுத்த காகிதத்தில் அது அண்டர்ஸ்கோரா, ஸ்பேஸா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கடிதத்தைத் தயாரித்தவர் ஸ்கிரீனில் கிளிக் செய்து பார்த்திருப்பார், திறந்திருக்கும். காகிதத்தில் கிளிக் செய்ய முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பேப்பர்க்காரர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. பத்தி ஒடுக்கமானது, முகவரி நீளமானது. வரி முடிகிற இடத்தில் லேஅவுட் மென்பொருள் தானாக ஒரு ஹைஃபன் போட்டு மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். படிக்கிறவர் அந்த ஹைஃபனையும் சேர்த்து டைப் செய்வார். வாக்கியத்தின் கடைசியில் முகவரி வந்தால் முற்றுப்புள்ளியும் சேர்ந்துவிடும். ஃபிளெக்ஸ் அடிப்பவரோ எடுப்பாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிடுவார். பெயர்ப் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது என்பதால் அங்கே தப்பித்தோம். ஸ்லாஷுக்கு அப்புறம் வருவதில் பல சர்வர்களுக்கு அந்த வித்தியாசம் உண்டு. 'பக்கம் இல்லை' என்று வந்து நிற்கும்.

அதோடு, சித்தப்பா கடைசியில் முகவரியை எங்கே டைப் செய்தார் தெரியுமா? கூகுள் தேடல் பெட்டியில். நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். தேடல் பெட்டியில் போட்டால், மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு அதிகாரபூர்வமான தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். அதே மாதிரி பெயரோடு டாட் ஆர்க், டாட் இன் என்று கிளம்பி, அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறோம் என்று பணம் பிடுங்கும் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை போட்டிருக்கிறது. போலிப் பெயர்களைப் பட்டியலிட்டதும் நல்ல காரியம்தான். ஆனால் போலி தினம் ஒன்று முளைக்கும், அசல் ஒன்றுதான். அந்த அசலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவதுதான் நிலைக்கும்.

முகவரியை எப்படிப் படிப்பது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. விஷயம் சின்னதுதான். முதல் ஒற்றை ஸ்லாஷ் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பதைப் பின்னாலிருந்து படியுங்கள். மைஆதார் டாட் யுஐடிஏஐ டாட் ஜிஓவி டாட் இன் என்றால் கடைசியில் 'இன்', அதாவது இந்தியா. அதற்கு முன் 'ஜிஓவி', அரசாங்கம். அதற்கு முன் யுஐடிஏஐ, ஆதார் ஆணையம். அதற்கும் முன் அவர்களுடைய ஒரு பிரிவு. தபால் விலாசம் மாதிரியேதான்: வீட்டு எண்ணில் ஆரம்பித்து ஊரில் முடிகிறது. ஸ்லாஷைத் தாண்டினால் இது அப்படியே தலைகீழ். அங்கே பெரியதில் ஆரம்பித்துச் சின்னதில் முடியும். ஒரே வரிக்குள் இரண்டு திசை!

இந்தக் குழப்பத்துக்குச் சரித்திரம் உண்டு. ஆரம்ப காலத்தில் வலையில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஃபைலில் சேர்ப்பார்கள், மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் புள்ளி வைத்துப் பிரிக்கும் இப்போதைய பெயர் முறையை வடிவமைத்தார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மட்டும் தலைகீழாக, நாட்டின் பெயரை முதலில் எழுதிக்கொண்டிருந்தன. இரண்டு முறையும் மோதியபோது 'சிஎஸ்' என்ற இரண்டெழுத்து பாடாய்ப் படுத்தியது. ஒரு முறையில் அது கணினி அறிவியல் துறை, மற்றதில் செக்கோஸ்லோவாக்கியா. யோசித்துப் பார்த்தால் பிரிட்டிஷ்காரர்களின் முறைதான் படிக்க வசதி. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீயே, திரும்பச் செய்வதானால் பெரியதை முதலில் வைத்து எல்லாவற்றையும் ஒரே வரிசையாக எழுதியிருப்பேன் என்கிறார். எச்டிடிபிக்கு அப்புறம் வரும் அந்த இரட்டை ஸ்லாஷும் தேவையே இல்லை என்று 2009ல் ஒப்புக்கொண்டார். ரொம்ப லேட், ஐயா.

மோசடிக்காரர்கள் பிழைப்பது இந்த இரட்டைத் திசையில்தான். உங்கள் வங்கியின் பெயரை முன்னால் பளிச்சென்று வைத்து, கடைசியில் தங்கள் பெயரையும் ஒரு டாட் காமையும் ஒட்டிவிடுவார்கள். போன் திரையின் அகலத்தில் பல சமயம் முன்பாதிதான் தெரியும். நாம் இடமிருந்து வலம் படித்துப் பழகியவர்கள். வங்கிப் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகி மேலே போய்விடுகிறோம்.

அதனால்தான் ரிசர்வ் வங்கி எடுத்த ஒரு முடிவை மனதாரப் பாராட்டுகிறேன். 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள்: இந்திய வங்கிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும். அக்டோபர் 31க்குள் முடிக்கச் சொல்லி ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது. அந்தப் பெயரைக் கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கியே தொடங்கிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்துக்கு மட்டும். கடையில் போய் யாரும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 'ஃபின் டாட் இன்' வருகிறது. அதுவரை ஒரு வங்கி டாட் காம், ஒன்று டாட் இன், ஒன்று டாட் கோ டாட் இன் என்று ஆளுக்கொரு வாலோடு திரிந்தன. ஸ்டேட் பேங்க் தன் பெயரையே வாலாக வாங்கி 'டாட் எஸ்பிஐ' என்று வைத்திருந்தது. இப்போது அதுவும் எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். அம்மாவிடம் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: "கடைசியில டாட் பேங்க் டாட் இன் இல்லேன்னா தொடாதீங்க."

நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு விதியை வைத்துக்கொண்டால் ஜனங்கள் நினைவில் வைக்க வேண்டிய சமாச்சாரம் இவ்வளவு சுருங்கிவிடுகிறது. ஒரே ஒரு கவலை பாக்கி. பழைய முகவரிகள் இன்னும் பாஸ்புக்கில், செக் புத்தகத்தில், ஏடிஎம் வாசல் போர்டில் இருக்கின்றன. அவற்றைத் தட்டினால் புது முகவரிக்குத் தானாகப் போக வேண்டும். செலவு மிச்சம் என்று எந்த வங்கியாவது பத்து வருஷம் கழித்துப் பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால், கொஞ்ச நாளிலேயே வேறு யாராவது அதை வாங்கிக்கொள்ளலாம். அச்சில் ஏறிய முகவரியை ஆயுசுக்கும் விடக் கூடாது.

பெயர் மாறுவதில் நம் மின்வாரியம் ஒரு தனிக் கதை. 2010ல் மின்சார வாரியம் பிரிந்து டான்ஜெட்கோ ஆனது, 2024ல் அது மின் பகிர்மானக் கழகம் ஆனது. ஜனங்கள் வாயில் இன்னமும் 'ஈபி'தான். நிர்வாகக் காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனால் பில் கட்டுகிறவருக்கு நிர்வாகம் எத்தனையாகப் பிரிந்தால் என்ன? அலுவலகத்தின் பெயர் மாறினாலும் பில் கட்டும் வாசல் மாறாமல் இருக்க வேண்டும். பிரிட்டன் 2012ல் செய்த காரியம் இந்த வகையில் உருப்படியானது. துறைக்கு ஒன்றாக இருந்த தளங்களை ஒவ்வொன்றாக மூடி 'ஜிஓவி டாட் யுகே' என்ற ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அமைச்சகத்தின் பெயர் மாறட்டும், இரண்டு துறைகள் இணையட்டும், வாசல் அதேதான்.

இதற்கு நேர்மாறாக எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஈக்விஃபேக்ஸ் என்று ஒரு கம்பெனி, நம் சிபில் மாதிரி கடன் கணக்கு வைத்திருப்பவர்கள். 2017 செப்டம்பரில், 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் திருடுபோனதாக அறிவித்தார்கள். உங்கள் விவரமும் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு தளம் அமைத்தார்கள். தங்கள் சொந்தப் பெயருக்குக் கீழேயே ஒரு பக்கம் வைத்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் 'ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017 டாட் காம்' என்று புதுசாக ஒன்றைப் பதிவு செய்தார்கள். பார்க்கிறவனுக்கு அதுவே மோசடித் தளம் மாதிரி இருந்தது.

நிக் ஸ்வீட்டிங் என்ற மென்பொருள்காரர் இதன் அபத்தத்தைக் காட்ட, சொற்களை மட்டும் இடம் மாற்றி 'செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017' என்று ஒரு போலியை உருவாக்கினார். விவரம் திருட அல்ல, எச்சரிக்கத்தான். அப்புறம் நடந்ததைக் கற்பனைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலி முகவரியை அனுப்பிவைத்தது. ஒரு முறை இல்லை, பல முறை! கம்பெனி ஊழியருக்கே தன் முகவரி எது என்று தெரியாதபோது வாடிக்கையாளர் என்ன செய்வார்?

நம்மூரிலும் இந்தப் பழக்கம் நிறையவே இருக்கிறது. ஒரு திட்டம் அறிவித்தால் அதற்கென்று ஒரு புதுத் தளம், ஒரு மாநாடு என்றால் அதற்கொரு டாட் காம். மாநாடு முடிந்த அடுத்த வருஷம் அந்தப் பெயரில் ரம்மி விளம்பரம் ஓடும். ஏற்கெனவே கையில் இருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ் போட்டு திட்டத்தின் பெயரை வைத்தால் செலவும் இல்லை, சந்தேகமும் இல்லை.

இந்திய மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைப்பது இன்னொரு தலைவலி. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் 'ஜீவன் பிரமான்' முகவரியில் ஜீவனுக்கு இரண்டு ஈ, பிரமானில் கடைசியில் இரண்டு ஏ. காதால் கேட்டு எழுதினால் எட்டு விதமாக எழுதலாம். இப்படிப் பெயர் வைத்தால், தப்பாக அடிக்கக்கூடிய நாலைந்து வடிவங்களையும் சேர்த்து வாங்கி அசலுக்குத் திருப்பிவிடுவது விவேகம்.

தமிழிலேயே முகவரி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம். டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா மூன்றும் 2010, 2011 வாக்கிலேயே வந்துவிட்டன. வாயால் சொல்ல இதைவிடச் சுகமான முகவரி உண்டா? ஆனால் தமிழ் எண் ௭ஐயும் எழுத்து எ-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ௧, க. ௮, அ. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அது ஒரு பக்கம் என்றால், ஸ்லாஷுக்கு அப்புறம் வரும் தமிழைக் காப்பி செய்து ஒட்டினால் என்ன ஆகிறது என்பது வலைப்பதிவர்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் அரைப் பக்கம் சதவீதக் குறியாக வந்து நிற்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 குறிகளாக விரியும். ஆசை இருந்தாலும், கொஞ்ச காலத்துக்கு ஆங்கில முகவரியையும் பக்கத்திலேயே போட்டுத்தான் ஆக வேண்டும்.

'அதான் க்யூஆர் கோடு இருக்கே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. க்யூஆர் கட்டத்தை மனிதக் கண்ணால் படிக்க முடியாது. மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டினாலும் தெரியாது. கட்டம் போடுங்கள், அதற்குக் கீழே அது எங்கே போகிறது என்பதையும் படிக்கிற எழுத்தில் போடுங்கள். சுருக்கு இணைப்புகளும் அப்படித்தான்: உள்ளே இருப்பது யார் என்று தெரியாது, சுருக்கிக் கொடுத்தவர் கடையை மூடினால் எல்லாம் போச்சு. கூகுள் தன் சுருக்குச் சேவையை மூடுகிறேன் என்று அறிவித்து, 2025ல் பழைய இணைப்புகளை எல்லாம் நிறுத்தப் போய், கூச்சல் எழுந்ததும் புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தது. எஸ்எம்எஸ்ஸில் முன்கூட்டிப் பதிவு செய்யாத இணைப்பு இருந்தால் தடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் டிராய் வைத்திருக்கும் விதியும் நல்லதே. ஆனால் வாட்ஸ்அப்புக்கு அந்த வேலி கிடையாது.

சரி, நோட்டீஸில் எப்படித்தான் எழுதுவது? என்னைக் கேட்டால், முகவரிக்குத் தனி வரி. எச்டிடிபிஎஸ் வேண்டாம். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டாலும் போடாவிட்டாலும் தளம் திறக்கும்படி செய்துவிட்டு, அச்சில் அதை விட்டுவிடலாம். சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. எல்லாம் சின்ன எழுத்து, அடிக்கோடு இல்லாமல், முடிவில் முற்றுப்புள்ளி இல்லாமல். எண் ஒன்றும் எல் எழுத்தும் வேறு வேறாகத் தெரிகிற எழுத்துரு. பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'எங்களுக்கு வேறு இணையதளம் இல்லை.' இந்த ஒரு வரியை எழுத முடியாத நிலையில் ஒரு நிறுவனம் இருந்தால் முதலில் சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், கூட்டுறவு வங்கி என்று நோட்டீஸ் அடிக்கிற பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ப்ரூஃப் கைக்கு வந்ததும், அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து, உங்கள் வீட்டில் வயதான ஒருவரைத் தன் போனில் அந்த முகவரியை டைப் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. தளம் திறக்கவில்லை என்றால் பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். படிக்கிற மற்றவர்களுக்கு: போலித் தளத்தில் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.